சடையன் பேட்டுக்கு நான் போட்ட தோல் கிரிப்

முப்பத்தாறு வருஷம் அடுத்தவர் கையைப் பிடித்துப் பார்த்தே சோறு தின்றவன் நான். ஜோசியம் இல்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் ஷட்டில் பேட்டுக்கு நரம்பு கட்டுவதும், கைப்பிடிக்குக் கிரிப் சுற்றுவதும் என் வேலை. இன்றைக்கு அதே வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து, "உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். கேட்டவுடன் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து உட்கார்ந்தால், சாதனை என்று எழுத ஒன்றும் சிக்கவில்லை. சொதப்பல்கள்தான் வரிசை கட்டி நின்றன. அதில் பெரியது எதுவோ அதைச் சொல்லிவிடுகிறேன். சின்னச் சின்னதை நீங்களே செய்து கற்றுக்கொள்வீர்கள்.

இப்போது உங்கள் கடையில் கிரிப் என்றால் பத்து நிறம், பத்து வகை. ஒட்டுகிறது, உறிஞ்சுகிறது, மெத்தென்று இருக்கிறது. எங்கள் காலத்தில் மூன்றே மூன்றுதான். தோல், ரெக்ஸின், தேங்காய்ப்பூத் துண்டைக் கிழித்துச் சுற்றுவது. கடைக்கு வந்தவர் உள்ளங்கையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்குவேன். ஈரம் தட்டினால் துண்டு. காய்ந்து கிடந்தால் தோல். இரண்டும் புரியாவிட்டால் ரெக்ஸின். அமுக்கும்போது கண்ணை வேறு மூடிக்கொள்வேன். அது எதற்கென்று எனக்கே தெரியாது, ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஒரு மரியாதை வந்தது. பேங்க் மேனேஜர், ஆஸ்பத்திரி டாக்டர், பி.டி.ஓ. என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் என்னிடம் கையை நீட்டிவிட்டு நான் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். மனுஷனுக்கு மண்டைக் கனம் ஏற இதற்கு மேல் என்ன வேண்டும்?

இது நடந்தது எண்பதுகளின் பின்பாதியில். இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கம் போராட்டம் தீவிரமாக இருந்த வருஷங்கள். கடையைத் திறப்பதா வேண்டாமா என்று காலையில் தெருமுனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் முடிவு செய்வோம்.

அந்தச் சமயத்தில் கல்வராயன் மலையிலிருந்து சடையன் என்று ஒருவர் என்னிடம் பேட்டைக் கொண்டுவந்தார். அப்போது அவரை நான் அவன் இவன் என்றுதான் பேசினேன். இப்போது எழுதும்போது கை வரவில்லை. இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். வெள்ளிமலைப் பக்கம் ஒரு அரசாங்க பங்களாவில் தினக்கூலிக்குக் காவல் இருந்தார். பங்களாவுக்கு வருகிற அதிகாரிகள் சாயங்காலம் ஷட்டில் ஆடுவார்கள். நாலு பேர் ஆட்டத்துக்கு ஒரு ஆள் குறைந்தால் இவரைக் கூப்பிட்டு நிறுத்துவார்கள். அப்படி நின்று நின்றே ஆட்டம் பழகியவர். யாரோ ஒரு அதிகாரி கிளம்பும்போது விட்டுப்போன பழைய பேட்தான் அவருடையது.

ஓர் அரசுத் துறையில் விளையாட்டுக்காரர்களுக்கு என்று இரண்டு வேலை இருப்பதாகவும், சங்கராபுரத்தில் ஆட வைத்துப் பார்த்து ஆள் எடுக்கப்போவதாகவும் அவருக்கு விவரம் வந்திருந்தது. பேட்டை என் மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்:

"அண்ணே, நரம்பு மட்டும் ரெண்டு எடத்துல அறுந்துபோச்சுங்க. அத்தக் கட்டிக் குடுத்தா போதுங்க. இந்த வேல கெடச்சா வூட்டோட இருந்துக்குவேன். கெடக்கலன்னா குடகுக்குப் போறதுதாங்க. காப்பித் தோட்டத்துக்கு ஆளு கூட்டினு போறவரு நாளு சொல்லிட்டாரு. பொண்டாட்டியும் கைக்கொழந்தையும் இங்கியே இருக்கணும்."

நரம்பு மட்டும் என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி. என் கண் பேட்டின் கைப்பிடியில் இருந்தது. பழைய காக்கிச் சட்டையின் கையைக் கிழித்து, நாடா மாதிரி ஆக்கி, வெறும் கட்டைமேல் சுற்றி, நுனியில் சணல் போட்டுக் கட்டியிருந்தார். வெளுத்துப்போய், நூல் நூலாகத் தெரிந்தது.

கடையில் அப்போது இரண்டு மூன்று பெரிய மனிதர்கள் இருந்தார்கள். அது ஒன்று போதாதா எனக்கு? "இது பேட்டா, இல்ல கால் ஒடஞ்சவனுக்குப் போட்ட கட்டா?" என்று கேட்டேன். அவர்கள் சிரித்தார்கள். சடையனும் சிரித்தார்.

அவர் கையைப் பிடித்து அமுக்கினேன், கண்ணை மூடிக்கொண்டு. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. அரிவாள் பிடித்து, மண்வெட்டி பிடித்து, தோல் தடித்துப்போன கை. ஈரம் என்பதே இல்லை. "காஞ்ச கை. தோல்தான்" என்று தீர்ப்புச் சொன்னேன். கடையில் இருந்ததிலேயே நல்ல ஆட்டுத்தோல் கிரிப் ஒன்று எடுத்து வைத்தேன். நானே போட்டுத் தருகிறேன், ஒன்றும் தர வேண்டாம் என்றேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். இவர் ஜெயித்து வேலைக்குப் போனால் பேட்டோடு ஒரு போட்டோ எடுத்துக் கடையில் மாட்டலாம் என்று அப்போதே இடம் பார்த்துவிட்டேன்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீ ஆடறத மட்டும் பாருப்பா, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைத்தேன். தேர்வுக்கு முதல் நாள் பஸ்ஸில் இறங்கி வந்து பேட்டை வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. அவர் போனதும் நரம்பைக் கட்டிவிட்டு, காக்கித் துணியைப் பிளேடால் அறுத்து எடுத்தேன். அதை வைத்து அன்றைக்கு என் சைக்கிள் செயினைத் துடைத்தேன்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் சாலை மறியல் தொடங்கியது. சாலையோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. தேர்வும் இருக்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் தேர்வு நடத்த வந்தவர்கள் அதற்கு முன்பே சங்கராபுரம் வந்து மாட்டிக்கொண்டார்கள். திரும்பிப் போகவும் வழியில்லை. சும்மா இருப்பதற்கு வந்த வேலையை முடித்துவிடலாம், வந்து சேர்ந்தவர்களை வைத்துப் பார்ப்போம், வராதவர்களுக்கு வாய்ப்பில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது முதல் நாள் சாயங்காலம் கடைக்கு வந்த ஒரு போன் மூலமாக. சங்கராபுரத்தில் ஒரு மருந்துக் கடையிலிருந்து சடையன் பேசினார்.

"அண்ணே, நான் காட்டு வழியா நடந்து நேரா இங்க எறங்கிட்டேங்க. நாளைக்குக் காலீல பத்து மணிக்கு ஆட்டம். பேட்டு உங்ககிட்ட இருக்குதுங்களே."

"அங்கியே யாருகிட்டயாவது வாங்கி ஆடிடேன்ப்பா."

"பழகின பேட்டு வேணுங்கண்ணே" என்றார். அப்புறம் போனை வைக்காமல் காத்திருந்தார்.

நான் கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அது இருபது கிலோமீட்டர் என்பதும், எனக்கு அப்போதே தொப்பை இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தன.

மறுநாள் விடிகிற நேரத்தில் சைக்கிளில் கிளம்பினேன். பேட்டைச் செய்தித்தாளில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டேன். மடிப்புக் கலையாத புது வேட்டி. போட்டோவுக்கு நிற்க வேண்டியிருந்தால் நன்றாக இருக்கட்டும் என்று கட்டியது. முதல் மரத்தைத் தாண்டும்போதே அது கிளையில் மாட்டி முழங்கால் அளவுக்குக் கிழிந்தது. இரண்டாவது மரத்தில் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, நான் இந்தப் பக்கமே உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.

மூன்றாவது மரத்தருகில் ஆட்கள் இருந்தார்கள். முப்பது பேர் இருக்கும். ஒருவர் எழுந்து வந்து என் முதுகைப் பார்த்தார்.

"முதுவுல இன்னா அது? கட்டையா?"

"பேட்டுங்க. ஷட்டில் பேட்டு."

"ஊரே ரோட்ல குந்திக்கினு இருக்குது, நீ ஷட்டிலு ஆடப் போய்க்கினு இருக்கறியா?"

கூட்டம் சிரித்தது. பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆஸ்பத்திரி, சாவு என்று இரண்டு மூன்று தோன்றின. பேட்டோடு சாவு வீட்டுக்கு யார் போவார்கள்? வேறு வழி இல்லாமல் உண்மையைச் சொன்னேன். மலையிலிருந்து ஒருவர் நடந்து வந்திருக்கிறார், பத்து மணிக்கு ஆடினால் ஒரு வேலை, இல்லாவிட்டால் குடகு என்று சொன்னேன்.

கேட்டவர், "வேலைக்குத்தானா? நாங்களும் அதுக்குத்தானே குந்திக்கினு இருக்கறோம்" என்றார். பேட்டை வாங்கிப் பிரித்து, ஒரு முறை காற்றில் வீசிப் பார்த்தார். கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புடி வழுக்குதேப்பா. எங்க மம்முட்டிப் புடி தேவலாம் போலக்குது."

மண்வெட்டி பிடிக்கிறவருக்கு ஆட்டுத்தோலைப் பற்றி என்ன தெரியும் என்று எனக்குள் ஒரு இளக்காரம். "அது ஒசந்த தோலுங்க, ஆட ஆடப் புடிச்சிக்கும்" என்று விளக்கம் கொடுத்தேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கச் சொன்னார். என்னையும் சேர்த்துத்தான் தூக்கினார்கள்.

தம்பிகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாள் முழுக்க ஒரு கைப்பிடியைப் பிடித்து உழைக்கிறவர், பிடி வழுக்குகிறது என்று சொன்னார். புதுத் தோலின் மேல்பூச்சு தேயும்வரை வழுக்கும் என்பது எனக்கும் தெரியும். பத்துப் பதினைந்து நாள் ஆடித்தான் அதைப் பழக்க வேண்டும் என்று எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன். தெரிந்த விஷயம் தேவையான நேரத்தில் மண்டைக்குள் வராததற்குக் காரணம், அந்த இடத்தில் போட்டோ மாட்டியிருந்தது.

சங்கராபுரத்தில் தேர்வு நடந்தது ஒரு ரைஸ் மில் குடோனில். மைதானத்தில் காற்று ஜாஸ்தி என்று மில்காரரைக் கேட்டு அங்கே மாற்றியிருந்தார்கள். நெல் லாரி எதுவும் வராததால் குடோன் காலியாக இருந்தது. சிமெண்டுத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். வெளியே களத்தில் மட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. மறியலுக்கு முன்பே ஊறப்போட்ட நெல்லை அவித்துக் காயவைக்காவிட்டால் புளித்துவிடும் அல்லவா? பெண்கள் ஏழெட்டுப் பேர் அவித்த நெல்லைக் கூடையில் சுமந்து வந்து களத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் போய்ச் சேரும்போது ஒன்பதரை. சடையன் குடோன் வாசலில் குந்தியிருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். அழுக்கும் கிழிசலுமாக நின்ற என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பேட்டைப் பிரித்து நீட்டினேன். பளபளவென்று கறுப்புத் தோல். அவர் முகத்தில் வெளிச்சம் வரும் என்று காத்திருந்தேன்.

"என்னோட துணி எங்கீங்கண்ணே?"

"அத்த வுடுப்பா. இதப் புடிச்சிப் பாரு."

பிடித்தார். சுவரைப் பார்த்து இரண்டு மூன்று முறை ஷட்டிலைத் தட்டினார். பிடியைச் சுற்றிய விரல்கள் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறியது எனக்கே தெரிந்தது. துணி சுற்றிய ஒல்லிப் பிடியில் ஆடிய கை அது. நான் போட்டது அதைப்போல இரண்டு மடங்கு பருமன். அது மட்டுமில்லை. கடையில் காய்ந்து கிடந்த கை இப்போது நனைந்திருந்தது. ஃபேன் காற்றில் நிம்மதியாக நிற்கிறவன் கையும், அரை மணி நேரத்தில் வாழ்க்கை முடிவாகப்போகிறவன் கையும் ஒரே கை இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஓங்கி ஒரு அடி அடித்தார். ஷட்டில் அங்கேயே விழுந்தது. பேட்தான் பறந்துபோய்த் தண்ணீர் டிரம்மில் மோதியது.

சத்தம் கேட்டுக் களத்திலிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சடையன் பேட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இருபத்தைந்து நிமிஷம் இருந்தது. அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் உங்கள் சீனியர் செய்த வேலைகளை எழுத வெட்கமாக இருக்கிறது. முதலில், வழுக்கலுக்கு ஏதாவது பொடி தடவினால் நிற்கும் என்று குடோன் மூலையில் கிடந்த தவிட்டை அள்ளித் தேய்த்தேன். தவிட்டில் எண்ணெய் இருக்கிறது என்பதை அன்றைக்கு ஒரு ரைஸ் மில்லுக்குள்ளேயே நின்றுகொண்டு மறந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பேட் விளக்கெண்ணெய் தடவியதுபோல ஆகிவிட்டது.

அடுத்து, தோலை உரித்து எறிந்துவிட்டு என் வேட்டி ஓரத்தைக் கிழித்துச் சுற்றினேன். புது வேட்டி, கஞ்சி போட்டது. மொடமொடவென்று நின்றது, கட்டையைப் பிடிக்கவில்லை. சடையன் மணிக்கட்டைத் திருப்பியதும் துணி தனியாகச் சுழன்றது. அதற்கு மேல் இன்னொரு சுற்றுக்காக இன்னும் கொஞ்சம் கிழித்தேன். கூடை சுமந்த பெண்களில் ஒருவர், நாற்பது வயதிருக்கும், பேர் அஞ்சலை என்று மற்றவர்கள் கூப்பிட்டதில் தெரிந்தது, ஒவ்வொரு நடைக்கும் எங்களைத் தாண்டிப் போகும்போது நின்று பார்த்துவிட்டுப் போனார். மூன்றாவது நடையில் அவரால் பொறுக்க முடியவில்லை.

"இன்னாய்யா இது கூத்து? வேட்டிய பூரா கிழிச்சிட்டு கோவணத்தோட வூட்டுக்குப் போப்போறியா?"

"கைப்பிடிக்குத் துணி சுத்தறம்மா. நிக்க மாட்டேங்குது."

"ஆடப்போறது யாரு, நீயா, அவரா?"

"அவருதான்."

"அப்ப அவரு கைக்கு இன்னா வேணும்னு அவரக் கேட்டியா?"

கேட்கவில்லை. கடையிலும் கேட்கவில்லை, இங்கே வந்தும் கேட்கவில்லை. ஆயிரம் கைகளுக்கு மேல் அமுக்கிப் பார்த்திருப்பேன். ஒருவரிடமும் உங்களுக்கு எப்படி வேண்டும் என்று நான் கேட்டதே இல்லை. சடையனைப் பார்த்து, "சொல்லுப்பா" என்றேன்.

"பழந்துணிதாங்கண்ணே வேணும். தொவச்சித் தொவச்சி நைஞ்சது. அதுதான் வேர்வைய உள்ள இழுத்துக்கும். கட்ட மேலயும் ஒட்டிக்கினு நிக்கும்."

"இத்த அன்னிக்கே சொல்லக் கூடாதா?"

"நீங்க பெரிய ஆளுங்க முன்னால கேலி பண்ணீங்க, அவங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சிட்டேங்க. அப்புறம் எப்பிடிச் சொல்றது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. கடையில் அவர் சிரித்த சிரிப்பை நான் என் நகைச்சுவைக்குக் கிடைத்த பரிசு என்று எடுத்துக்கொண்டிருந்தேன். எதிரே இருப்பவனைப் பகைத்துக்கொள்ள வசதியில்லாதவன் சிரிக்கிற சிரிப்பு அது.

பழந்துணிக்கு எங்கே போவது? என் சட்டையும் தோளில் கிடந்த துண்டும் புதிது. சடையன் போட்டிருந்தது யாரிடமோ கடன் வாங்கிய வெள்ளைச் சட்டை. அஞ்சலை கூடையைக் கீழே வைத்தார். தலையில் இருந்த சும்மாட்டை எடுத்து உதறிப் பிரித்தார். ஏதோ ஒரு காலத்தில் சிவப்புச் சேலையாக இருந்த துணி. எத்தனை வருஷம் அந்தத் தலையில் இருந்ததோ, நைந்து பூப்போல ஆகியிருந்தது.

"இத்தப் போட்டுக்கட்டும்" என்று நீட்டினார்.

இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். என் கை ஒரு நொடி நீளவில்லை. அந்தம்மா எந்தத் தெரு, நான் எந்தத் தெரு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனாலும் என் கை அதைக் கணக்குப் போட்டுவிட்டு நின்றது. மூன்று மரம் தாண்டி வந்தவன், அந்த ஒரு நொடியைத் தாண்ட முடியாமல் நின்றேன். அஞ்சலை அதைப் பார்த்தார். நிச்சயமாகப் பார்த்தார், ஆனால் கையை மடக்கிக்கொள்ளவில்லை. சடையன்தான் முன்னால் வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் கைமேல் அருவருப்பாக இருக்கிறது.

வாங்கி என்னிடம் கொடுத்தார். கிழித்துச் சுற்ற ஆரம்பித்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒவ்வொரு சுற்றுக்கும் கேட்டேன். இங்கே பருமன் போதுமா, கட்டைவிரல் எங்கே வரும், அடியில் இன்னும் ஒரு மடிப்பு வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுச் சுற்றினேன். அவர் "கொஞ்சம் கம்மி பண்ணுங்க", "அங்க போதுங்க" என்று சொல்லச் சொல்ல இழுத்துக் கட்டினேன். சடையன் பிடித்து இரண்டு வீச்சு வீசினார். விரல்கள் தானாகப் போய் உட்கார்ந்தன. உள்ளேயிருந்து பெயர் கூப்பிட்டார்கள். போய்விட்டார்.

காற்று வரக் கூடாது என்று குடோன் கதவைச் சாத்தினார்கள். ஆட்டக்காரர்களைத் தவிர யாருக்கும் அனுமதியில்லை. நான் வெளியே சுவரோரம் நின்றேன். நரம்பில் ஷட்டில் படும் சத்தத்தை வைத்தே பேட்டைச் சொல்வேன் என்று கடையில் பீற்றிக்கொண்டவன் அல்லவா? காதைச் சுவரில் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சத்தம் கூர்மையாக வந்தால் சடையன், மந்தமாக வந்தால் எதிராளி என்று வைத்துக்கொண்டேன். என் கணக்குப்படி அவர் முதல் ஆட்டத்தில் படுதோல்வி. இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் பேட் தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். குடகுக்குப் போகும் லாரியும், அந்தக் கைக்குழந்தையும் கண்ணில் வந்தன. முகம் பார்த்திராத அந்தக் குழந்தையிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன். எத்தனை ஆட்டம் நடந்தது, யார் யாரோடு ஆடினார்கள் என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்துக் கதவு திறந்தது. கையில் காகிதத்தோடு ஒருவர் வந்து இரண்டு பெயரைப் படித்தார். இரண்டாவது பெயர் சடையன். முதல் ஆட்டத்தில் அவர் தோற்கவே இல்லையாம். கீழே விழுந்த பேட் எதிராளியுடையதாம். என் காதின் லட்சணம் அது. ஆர்டர் வர நாலு மாசம் ஆனது. ஆனால் வந்தது. குடகுக்கு அவர் போகவில்லை.

அன்றைக்கு அவர் வெளியே வந்ததும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொள்வார் என்று எழுந்து நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போனார். நடந்துகொண்டே பேட்டிலிருந்து துணியைப் பிரித்துக்கொண்டு போனார். நான்தான் கிழித்துவிட்டேனே, நாடா நாடாக வந்தது. அதை ஒன்றாகச் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு களத்துக்குள் இறங்கி அஞ்சலையிடம் போனார். நானும் பின்னால் போனேன்.

அப்போதுதான் பார்த்தேன். அந்தம்மா வெறும் தலையில் கூடையோடு வந்துகொண்டிருந்தார். கூடையிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அவித்த நெல்லின் வெந்நீர் கூடைப் பின்னலில் வடிந்து, வகிட்டில் இறங்கி, நெற்றி வழியாகக் கண்ணுக்குள் போனது. கண்ணை இடுக்கிக்கொண்டு நடந்தார். நாங்கள் வாங்கிப்போனதிலிருந்து அப்படித்தான் சுமந்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரமும் பத்தடி தூரத்தில் நான் இருந்தேன். காதைச் சுவரில் வைத்திருந்ததால் முகம் மறுபக்கம் இருந்தது.

"கெடச்சிச்சா?" என்று சடையனைக் கேட்டார்.

"கெடச்சிட்டுதுங்கக்கா."

"நல்லா இரு" என்றார். நான் தோளில் கிடந்த என் துண்டை அவசர அவசரமாக எடுத்து மடித்து, "இத்த வெச்சிக்கம்மா" என்று நீட்டினேன். கூடையைச் சாய்த்துக் களத்தில் கொட்டிவிட்டு, சடையன் நீட்டிய துணிச் சுருளை வாங்கி இடுப்பில் செருகி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் என் துண்டைப் பார்த்தார்.

"இப்ப இன்னாத்துக்குய்யா? இதான் கடைசிக் கூடை" என்றார்.